வேலி அறியாத வண்டு

கமக்காரர் கூட்டங்களில் செய்தி சேகரித்த காலத்தில் நான் அடிக்கடி கேட்ட முறைப்பாடு ஒன்றுண்டு: "நான் மருந்தடித்து என்ன பயன், பக்கத்து வயற்காரன் அடிக்கவில்லையே?" அதற்குச் சட்டத்தினாலேயே விடைகாண முனைந்தவர்கள் அமெரிக்கப் பருத்திச் செய்கையாளர்கள்.

பருத்திக் கூன்வண்டு மெக்சிக்கோவிலிருந்து றியோ கிராண்டே நதியைக் கடந்து 1892 அளவில் டெக்சாஸை அடைந்தது. மொட்டினுள் முட்டையிடும் வண்டு இது. புழுவும் உள்ளேயே வளர்வதால் மருந்து அதனை எட்டாது. ஒருவர் தோட்டத்தில் தப்பியவை அயலாரின் பயிரை அழித்தன.

1978 இல் வட கரோலினா, வேர்ஜீனியா மாநிலங்களில் பிராந்திய ஒழிப்புப் பரீட்சார்த்தம் ஆரம்பமாயிற்று. திட்டம் பரவியபோது, செய்கையாளர் வாக்களித்து ஏற்றால் எதிர்த்தவரும் பணம் செலுத்தவேண்டும் என்பதே ஏற்பாடு.

டெக்சாஸில் இது சிக்கலாயிற்று. 1995 இல் கீழ் றியோ கிராண்டே பள்ளத்தாக்கில் மலத்தியன் தெளிக்கப்பட்டது. நன்மை செய்யும் பூச்சிகள் மடிந்ததால் படைப்புழு பெருகி விளைச்சலைத் தின்றுவிட்டது எனச் செய்கையாளர் கொதித்தனர். 1996 ஜனவரியில் வாக்களித்தே வெளியேறினர். மறு ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம், தனியார் அமைப்பொன்றுக்கு இத்தகைய அதிகாரத்தை வழங்கியமை அரசியலமைப்புக்கு முரணானது என்றது. தீர்ப்பு நியாயமானதென்றே எனக்குப் படுகிறது. ஆனால் எதிர்த்தவரின் தோட்டத்தை விட்டுவிட்டால் ஒழிப்பு ஏது? சட்டமன்றம் அவ்வாண்டே சட்டத்தைத் திருத்தியது.

பள்ளத்தாக்கினர் 2005 இல் மீண்டும் இணைந்தனர். ஏனைய மாநிலங்கள் வண்டிலிருந்து விடுபட்டுவிட்டன. மறுகரையான தமௌலிபாஸில் வன்முறையால் ஒழிப்புப்பணி தடைப்பட்டு வந்தமையால், இக்கரையில் இன்னமும் பொறிவைத்துக் காத்திருக்கிறார்கள்.