நாகபூசணி

நாகபூசணி (நாகபூஷணி): யாழ்ப்பாணத்துப் பெண்பெயர். நாகத்தை அணிகலனாகப் பூண்டவள் என்று பொருள். சிவனுக்குரிய நாகபூஷணன் என்பதன் பெண்பால் வடிவம்.

குடாநாட்டில் இப்பெயர் நயினாதீவு நாகபூசணி அம்மனிடமிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த அந்த அம்மன் கோயில் 1788இல் மீண்டும் எழுப்பப்பட்டது. அயலிலுள்ள புளியந்தீவிலிருந்து அம்மனுக்குப் பூவெடுத்துக் கடலில் நீந்திவந்த நாகத்தைக் கருடன் வழிமறித்தது என்பது தலக்கதை. அதற்குச் சாட்சியாகப் பாம்பு சுற்றிய கல்லையும் கருடன் கல்லையும் தீவார் காட்டுவர். ஆனித் திருவிழாவுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறுவோரில் கைக்குழந்தைக்காரரும் இருப்பர். பிள்ளைவரம் கேட்டு நேர்த்தி வைத்தவர்கள், பெண் பிறந்தால் அம்மன் பெயரையே இட்டுவிடுவதுண்டு.

நாகம்மா, நாகமுத்து, நாகேஸ்வரி, நாகலிங்கம், நாகராசா என விரியும் பெயர்க் குடும்பத்தில் இதுவே ஓசை நிறைந்தது. பண்டைய நாகர் குடியோடு இப்பெயர்களை நேரே முடிச்சுப்போடுவோரும் உளர். ஆனால் கோயில் வழிபாடே போதிய விளக்கம்.

மூத்த தலைமுறையில் கேட்கும் இப்பெயர் புதுக் குழந்தைகளுக்கு அரிதாகிவிட்டது. எண்சோதிடமும் நட்சத்திர எழுத்தும் பார்த்து, கிரந்த ஒலி கலந்த சிறு பெயர் தேடும் காலம் இது. பின்பாதியை மட்டும் கூப்பிட்டால் காய்கறி நினைவுக்கு வருவதும் ஒரு தடைதான். வேண்டுதலுக்காக வைப்போர் சிலர் இதனைப் பிறப்புப் பதிவில் எழுதிவிட்டு, வீட்டில் வேறொரு செல்லப்பெயரால் அழைப்பர்.