உயிர்கள் அறியும் பொழுது

நம் முன்னோர் ஒரு நாளை வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். கதிரவனையும் விண்மீனையும் நோக்கிப் பொழுதறிந்தனர். சேவற்குரல் கேட்டு எழுந்தனர். அந்தச் சேவலுக்கு வைகறையை உணர்த்தியவர் யார்? மாலையில் கூம்பும் புளியிலைக்குப் பொழுது சாய்ந்தது எவ்வாறு தெரிகிறது? வெளிச்சத்தைக் கண்டு அறிகின்றன என்பது எளிய விடை. அது பாதி விடைதான். மறுபாதியைத் தேடிய ஆராய்ச்சி வரலாற்றில் நம் சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரத்தில் பிறந்த ஒருவருக்கு உயர்ந்த இடம் உண்டு. அவ்வரலாற்றையே இன்று சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

1729-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் தெ மைரான் தொட்டாற்சுருங்கி போன்ற ஒரு செடியை ஒளி புகாத இடத்தில் வைத்துப் பார்த்தார். கதிரவனைக் காணாமலே அதன் இலைகள் பகலில் விரிந்தன, இரவில் மடிந்தன. 1930-களில் ஜெர்மானிய அறிஞர் எர்வின் பியூனிங் அவரைச் செடிகளில் இதனை ஆழ்ந்து ஆராய்ந்தார். மாறாத சூழலில் வளர்ந்த செடிகளின் இலையசைவு சரியாக 24 மணிக்கு ஒருமுறை நிகழவில்லை. சற்றே விலகி நிகழ்ந்தது. வெளியிலிருந்து ஏதோவொன்று ஆட்டுவித்தால் அது 24 மணியாகவே இருக்க வேண்டுமன்றோ? வெவ்வேறு கால அளவுடைய செடிகளைக் கலந்தபோது அவற்றின் வழித்தோன்றல்கள் இடைப்பட்ட கால அளவைப் பெற்றன. ஆகவே, பொழுதுணர்வு வழிவழி வரும் உடைமை என்பது தெளிவாயிற்று. உயிரின் உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது. நாள்தோறும் வரும் ஒளி அதனைத் திருத்தி வைக்கிறது.

இக்கருத்து வேரூன்றிவந்த காலத்தில், 1937-இல், பிறந்தவர் எம். கே. சந்திரசேகரன். நெசவுக்குப் பெயர்பெற்ற ஜலகண்டாபுரம் கடலுக்கு நெடுந்தொலைவில் உள்ள ஊர். எனினும் அவர் தொடக்கத்தில் ஆராய்ந்தது சென்னைக் கடற்கரையின் ஓர் உயிரை. அலை மோதும் ஈரமணலில் பின்புறமாகப் புதைந்துகொள்ளும் சிறு நண்டு அது. அதனை அலையற்ற ஆய்வுக்கூடத்திற்குக் கொணர்ந்த பின்னும், கடலின் ஏற்றவற்றத்திற்கு இசைய அதன் அசைவும் மூச்சும் மிகுவதும் குறைவதுமாய் இருந்தன. இம்முடிவுகள் 1965-இல் ஒரு ஜெர்மானிய ஆராய்ச்சி இதழில் வெளியாயின. பின்னர் அவர் டியூபிங்கன் நகரில் பியூனிங்கின் ஆய்வுக்கூடத்தில் பழ ஈக்களை ஆராய்ந்தார். இருளில் வாழும் ஈக்களின் கூட்டுப்புழுக்களுக்குச் சிறிது நேரம் ஒளி காட்டினால், முன்னிரவில் காட்டிய ஒளி அவற்றின் கடிகாரத்தைப் பின்தள்ளும். பின்னிரவில் காட்டிய ஒளி முன்தள்ளும். ஒரே ஒளிதான், அது வந்த வேளையே பயனை மாற்றுகிறது.

1970-களில் அவர் மதுரைப் பல்கலைக்கழகத்திற்கு வந்தார். அங்கு அவருக்கு வாய்த்த சிறந்த ஆய்வுக்கூடம் மதுரைக்கு அருகில் இருந்த ஒரு குகை. பகலிலும் காரிருள் சூழ்ந்த அக்குகையில், மூக்கின்மேல் இலைபோன்ற மடிப்புடைய பூச்சியுண்ணும் வௌவால்கள் கூட்டமாக வாழ்ந்தன. எதிரொலியால் வழியறியும் இவை, அந்தி வேளையில் குகைவாயின் பக்கம் பறந்துவந்து வெளிச்சத்தை நோட்டம் பார்க்கும். இருட்டியபின் இரைதேடப் புறப்படும்.

குகையின் உள்ளே கூண்டில் அடைபட்ட வௌவால் குகைவாய்க்குச் சென்று பார்க்க இயலாது. அதற்குப் பொழுது தெரியுமா? சந்திரசேகரனும் அவருடைய மாணவர் மாரிமுத்து முதலியோரும் அசைவைப் பதிவுசெய்யும் கூண்டுகளில் வௌவால்களை வைத்து ஆராய்ந்தனர். கூண்டுக்குள் இருந்த வௌவால், கூட்டம் வெளியே புறப்படும் வேளையிலேயே நாள்தோறும் சிறகடித்தது. அதன் கடிகாரம் 24 மணிக்கு இசைந்து நின்றது.

இங்கே ஒரு ஐயம் எழும். குகையின் வெப்பமோ காற்றின் ஈரமோ பொழுதை உணர்த்தியிருக்கலாகாதா? அவ்வாறெனில் கூட்டம் இல்லாத குகையிலும் அதே விளைவு காணவேண்டும். அத்தகைய குகையில் தனித்து வைக்கப்பட்ட வௌவாலின் கடிகாரம் நிற்கவில்லை. ஆயினும் உலகத்தின் பொழுதோடு ஒட்டாமல் நாளுக்கு நாள் விலகிச் சென்றது. எனவே, அதற்குப் பொழுதுரைத்தது தன்னினத்தின் போக்குவரவே. இவ்வாராய்ச்சி 1981-இல் விரிவாக வெளியாயிற்று. குகைக்குள் இடைவிடாது விளக்கெரித்தால் சுற்றத்தின் இச்செல்வாக்கு அழிந்துபோகிறது என்பதையும் 1983-இல் அவர்கள் காட்டினர்.

அடுத்து, வயல் சுண்டெலியைக் கொண்டு விசுவநாதனும் சந்திரசேகரனும் செய்த சோதனை 1985-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. பகலிரவு வேறுபாடற்ற சூழலில் குட்டிகளிடம் தாயைப் 12 மணி நேரம் விட்டு, அடுத்த 12 மணி நேரம் பிரித்து வைத்தனர். தாய் உடனிருந்த வேளையைக் குட்டிகள் பகலாகக் கொண்டன. பிரிந்த வேளையை இரவாகக் கொண்டன. வயலில் தாயெலி பகலில் வளையில் தங்கி, இரவில் இரைதேடச் செல்வதை நினைவுகூர்ந்தால் இதன் பொருத்தம் விளங்கும். கண் திறவாத குட்டிக்குத் தாயின் வரவே ஞாயிறு.

இவற்றை வெறும் விந்தைச் செய்திகளாக நான் கருதவில்லை. நம் உடலிலும் இத்தகைய கடிகாரம் உண்டு. இரவுப்பணியில் மாறிமாறி ஈடுபடுவோரின் உறக்கமும் செரிமானமும் குலைவது அது பொழுதோடு பிணங்குவதால்தான். பழ ஈயில் இக்கடிகாரத்தின் உயிரணு நுட்பத்தைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. சந்திரசேகரன் அதனைக் காண இல்லை, 2009-இல் மறைந்துவிட்டார். நாட்டின் உயர்ந்த அறிவியல் விருதான பட்நாகர் பரிசு அவரைச் சிறப்பித்திருந்தது.

மாணவர்களே! கடற்கரை மணலில் ஒரு நண்டு, பாறைக்குகையில் ஒரு வௌவால், வயல்வரப்பில் ஒரு சுண்டெலி. அவர் ஆராய்ந்தவை நாம் நாள்தோறும் கடந்துசெல்லும் உயிர்களே. அவற்றிடம் வினவவேண்டிய வினாவை அவர் அறிந்திருந்தார். விடை தவறாக இருக்கக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தார். உங்கள் ஊர்ப் புளியமரம் எப்போது இலை கூம்புகிறது, ஆலமரத்து வௌவால்கள் எப்போது புறப்படுகின்றன என்று ஒரு திங்கள் குறித்துப் பாருங்கள். மேகம் மூடிய மாலையில் அவ்வேளை மாறுகிறதா என்று அடுத்துக் கேளுங்கள். ஆராய்ச்சி அங்கே தொடங்குகிறது.