உப்பு வரியும் குடிகளின் ஒப்புதலும்

உப்பு அறப்போர் நினைவு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் பணித்தபோது, வேதாரணியமாகிய திருமறைக்காட்டுப் பெருமானுக்குச் செய்யும் தொண்டாகவே அதை ஏற்றேன். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்துவந்த கதையை வேதாரணியத்தாருக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். அந்நிய ஆட்சியே வேண்டாம் என்று மக்கள் துணியும் அளவுக்கு உப்பில் என்ன இருந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

வரி நமக்குப் புதிதன்று. பாண்டியன் அறிவுடைநம்பியிடம் பிசிராந்தையார் சொன்ன கணக்கு புறநானூற்றின் 184ஆம் பாட்டில் இருக்கிறது. சிறு நிலமாயினும் நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும். நூறு செய்யாயினும் யானை தானே புகுந்தால் உண்பதைவிடக் காலில் மிதிபடுவதே மிகுதி. வரி கொள்ளும் அரசனுக்கும் இதுவே கணக்கு. வள்ளுவரோ இன்னும் கடுமையானவர். கோலேந்திய மன்னன் குடிகளிடம் பொருள் கேட்பதை, வேலேந்திய வழிப்பறிக்காரன் கேட்பதற்கு ஒப்பிட்டுக் கொடுங்கோன்மை அதிகாரத்தில் வைத்தார். உப்பு வணிகமும் நமக்குப் பழையதே: உப்பு வணிகரான உமணர் மேடு பள்ளம் அஞ்சி வண்டியில் சேம அச்சும் கட்டிச் சென்றதை ஔவையார் பாடுகிறார். 

கிழக்கிந்தியக் கம்பெனி 1805இல் சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. 1882இல் இந்திய உப்புச் சட்டம் வந்தது. கோடை வெயிலில் கழிமுகச் சதுப்பில் நீர் வற்றித் தானாகவே உப்பு பூக்கும். பாத்தி கட்ட வேண்டாம், வாரினால் போதும். அப்படி வாருவது குற்றம் என்றார்கள். விளைந்த உப்பைச் சேற்றோடு சேர்த்து மிதித்துப் பாழாக்கச் சிப்பந்திகளுக்குச் சம்பளமும் கொடுத்தார்கள். பிசிராந்தையாரின் யானையாவது பசித்துப் புகுந்தது!

வரியின் பளுவே விடுதலை வேட்கைக்குக் காரணம் என்பாரோடு நான் உடன்படுவதில்லை. 1923இல் நிதி உறுப்பினர் பிளாக்கெட், மணங்குக்கு ஒன்றேகால் ரூபாயாக இருந்த உப்பு வரியை இரண்டரை ரூபாயாக்க முனைந்தார். மத்திய சட்டசபை மறுத்தது. வைஸ்ராய் ரீடிங் தம் தனி அதிகாரத்தால் சான்றளித்து, அந்த வரியைச் சட்டமாக்கினார். மறு ஆண்டே வரி பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. 1930இல் கடற்கரைக்குப் போனவர்கள் எதிர்த்தது அந்தக் குறைந்த வரியைத்தான். பளுவே காரணமானால் 1923இல் அல்லவா போயிருக்க வேண்டும்? நாம் அனுப்பிய பிரதிநிதிகள் கூடாது என்றாலும் ஒருவர் கையெழுத்தில் அது செல்லும் என்பது அம்பலமான பிறகு, குறைந்த வரியும் பொறுக்க முடியாததாயிற்று. தண்டிக்குப் புறப்படுமுன் காந்தியடிகள் வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தில், மாதம் 21,000 ரூபாய்க்கு மேற்பட்ட அவர் சம்பளத்தையும் நாளுக்கு இரண்டணாவும் தேறாத இந்தியரின் வருமானத்தையும் அருகருகே வைத்தார். சம்பளத்தை நிர்ணயிப்பதிலும் குடிகளுக்குச் சொல் இல்லை.

ஒப்பாத ஆணையை மறுத்த பழைய கதையும் நமக்கு உண்டு. மறைக்காட்டுத் திருக்கதவம் திறக்கப் பாடிய அப்பரடிகளைப் பல்லவன் அமைச்சர்கள் அரசாணையோடு அழைக்க வந்தார்கள். தாம் எவருக்கும் குடியல்லர் என்று பாடி அவர் போக மறுத்ததைச் சேக்கிழார் விரித்துரைக்கிறார். ஆணை செல்லாது என்று அரசின் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு இம்மண்ணுக்குக் காங்கிரஸ் கொடுத்த புதுச்சரக்கன்று என்பது என் துணிபு. சைவர் என்ற பெருமிதத்தில் சொல்கிறேன் என்று நினைத்தாலும் சரியே.

1947 பிப்ரவரியில் இடைக்கால அரசின் நிதி உறுப்பினர் லியாகத் அலி கான் தம் பட்ஜெட்டில் உப்பு வரியை நீக்கினார். அகத்தியம்பள்ளியில் உள்ள உப்பு அறப்போர் நினைவுத் தூணுக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியப் பெருமக்கள் 1930ஐ மட்டும் சொல்லி நிறுத்தலாகாது. 1923ஐயும் சொல்லுங்கள், 184ஆம் பாட்டையும் தூணருகே நின்று பொருளோடு படிக்க வையுங்கள்.