நெட்சிலிக் மக்களின் குளிர்காப்பு முறைகள்

நெட்சிலிக் மக்கள், வட கனடாவின் கிங் வில்லியம் தீவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் இனுயிட் இனத்தவர். 'கடல்நாய்கள் உள்ள இடத்தவர்' என்பது இப்பெயரின் பொருள். இங்கு ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை −30 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கும். மரங்கள் இல்லை, எனவே விறகும் இல்லை. இத்தகைய நிலத்தில் அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தோடு வாழ்ந்துவந்துள்ளனர்.

பிராங்க்ளின் பயணம்

1845இல் சர் ஜான் பிராங்க்ளின் தலைமையில் எரெபஸ், டெரர் என்னும் இரு பிரிட்டானியக் கப்பல்கள் வடமேற்குக் கடல்வழியைத் தேடிப் புறப்பட்டன. 1846 செப்டம்பரில் அவை கிங் வில்லியம் தீவுக்கு அருகே உறைபனியில் சிக்கின. 1848 ஏப்ரலில், எஞ்சியிருந்த 105 பேரும் கப்பல்களைக் கைவிட்டுத் தெற்கு நோக்கி நடந்தனர். பயணம் சென்ற 129 பேரில் ஒருவரும் ஊர் திரும்பவில்லை. குளிரோடு பசியும் நோயும் சேர்ந்தே அவர்களைக் கொன்றன. அத்தனை பேருக்கும் உணவளிக்கும் வளம் அந்நிலத்தில் இல்லை என்பதும் உண்மை.

1854இல் ஜான் ரே என்பவர் இனுயிட் மக்களிடம் கேட்டறிந்து, அக்குழுவினர் மாண்ட செய்தியைத் தெரிவித்தார். இங்கிலாந்தில் பலர் அதை ஏற்கவில்லை. எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ், இனுயிட் மக்களின் சொல்லை நம்ப இயலாது என்று எழுதினார்.

உடை

நெட்சிலிக் மக்களின் குளிர்கால உடை, காரிபூ என்னும் பனிமானின் தோலால் ஆனது. இம்மானின் முடிகளுக்குள் காற்று அடைபட்டிருப்பதால் வெப்பம் எளிதில் வெளியேறாது. உள்ளாடையின் மயிர் உடலை நோக்கியும், மேலாடையின் மயிர் வெளிப்புறமாகவும் இருக்கும். உடை தளர்வாக இருப்பதால் வியர்வையின் ஈரம் தங்குவதில்லை. கடுங்குளிரில் இது மிக முக்கியம். ஈரமான கம்பளி உறைந்து விறைத்துவிடும். இவ்வுடைகளை விலங்கு நரம்பு நூலால் தைத்தவர்கள் பெண்களே. அவர்களின் தையல் திறனே வேட்டைக்காரனின் உயிரைக் காத்தது.

உறைவிடமும் உணவும்

காற்றால் இறுகிய பனியைக் கட்டிகளாக அறுத்து, சுருள் வடிவில் அடுக்கிப் பனி வீடு கட்டினர். வாயில் தாழ்வாகவும், படுக்கும் மேடை உயரமாகவும் இருக்கும். குளிர்ந்த காற்று கீழே தங்க, வெப்பக் காற்று மேடையருகே நிற்கும். கடல்நாய்க் கொழுப்பில் எரியும் கல்விளக்கே அடுப்பாகவும் விளக்காகவும் பயன்பட்டது. பச்சையாக உண்ட இறைச்சி உயிர்ச்சத்து சியைத் தந்து, ஸ்கர்வி நோயைத் தடுத்தது.

அமுண்ட்சென் கற்றவை

1903இல் நார்வே நாட்டின் ரோல்ட் அமுண்ட்சென், ஆறு பேருடன் யோவா என்னும் சிறு கப்பலில் இத்தீவை அடைந்தார். அவர் தங்கிய துறைமுகத்தின் இனுயிட் பெயர் உக்சுக்தூக். 'கொழுப்பு மிகுந்த இடம்' என்பது அதன் பொருள். அங்கு இரண்டு குளிர்காலங்களைக் கழித்த அவர், நெட்சிலிக் மக்களிடம் தோலாடை அணியவும், பனி வீடு கட்டவும், நாய்வண்டி ஓட்டவும் மாணவராக இருந்து கற்றார். தீவில் தங்கிய காலத்தில் ஏழு பேரில் ஒருவரும் இறக்கவில்லை. 1906இல் வடமேற்குக் கடல்வழிப் பயணம் நிறைவுற்றது.

1911 டிசம்பர் 14 அன்று அவர் தென் துருவத்தை அடைந்த பயணத்திலும் நெட்சிலிக் பாணித் தோலாடைகளும் நாய்வண்டிகளும் துணைநின்றன. துருவம் சென்ற ஐவரும் உயிருடன் திரும்பினர்.

வாய்மொழியின் மதிப்பு

எரெபஸ் கப்பலின் சிதைவு 2014இலும், டெரர் கப்பலின் சிதைவு 2016இலும் கண்டுபிடிக்கப்பட்டன. எரெபஸ் கிடந்த பகுதியை இனுயிட் வாய்மொழிச் செய்திகள் நெடுங்காலம் முன்பே சுட்டியிருந்தன. ஒரு காலத்தில் நம்ப மறுக்கப்பட்ட அம்மக்களின் சொல்லே, தேடியவர்களுக்கு வழிகாட்டியது.