கம்பளியும் வெள்ளுடையும்: அப்புத்தளைத் தோட்டப் பிள்ளைகளின் உடை வரலாறு

“ஆள் பாதி, ஆடை பாதி” என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. அரசர் அணிந்த பட்டாடைகளை விரித்துரைத்த சரித்திர ஆசிரியர்கள், உழைப்பாளர் போர்த்திய கம்பளியைப் பெரும்பாலும் பொருட்படுத்தினாரில்லை. ஆயினும், ஒரு சமூகத்துப் பிள்ளைகள் எதனை உடுத்தனர், அத்துணியின் விலை எவர் கணக்கில் எழுதப்பட்டது என்னும் இரு வினாக்களுக்கு விடை காண்போமாயின், அச்சமூகத்தின் நிலை இனிது விளங்கும். அப்புத்தளைத் தோட்டங்களை முன்னிறுத்தி அதனை ஈண்டு ஆராய்வாம்.

கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,430 மீட்டர் உயரத்தில் அமைந்தது அப்புத்தளை. மலைநாட்டில் முதலிற் கோப்பியும், 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தபின் தேயிலையும் பரவின. 1890 இல் இலங்கை வந்த தோமஸ் லிப்டன் வாங்கிய தோட்டங்களுள் இவ்வூரை அடுத்த தம்பேதன்னவும் ஒன்று. இத்தோட்டங்களுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்களின் வேட்டியும் சேலையும் மலைக்குளிருக்குப் போதவில்லை. தோட்டத்தில் அவர்களுக்குக் கம்பளி கொடுக்கப்பட்டது. ஆனால் அரிசியைப் போலவே அதுவும் பற்றாக எழுதப்பட்டுச் சம்பளத்திற் கழிக்கப்பட்டது.

அக்கம்பளி பகலிலே கொழுந்து பறிக்கும் பெண்ணின் தலையிற் கொங்காணியாயிற்று. இரவிலே குடும்பத்தின் போர்வையாயிற்று. தேயிலைச் செடி கிழிக்காதவாறு இடுப்பிலே படங்கைச் சுற்றிக்கொண்டனர். கங்காணியோ கோட்டும் தலைப்பாகையும் அணிந்தார். எவர் எவ்வேலையினர் என்பது தொலைவிலிருந்து காண்பார்க்கும் உடையாலே புலப்பட்டது. பிள்ளைகளுக்கெனத் தனியுடை அரிது; பெரியோர் துணியின் எச்சமே அவர்களுக்கு உடையாயிற்று.

1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்தியது. 1945 இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் நிருவாகத்தின் கீழேயே ஒதுங்கிக் கிடந்தன. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன்பின் பாடசாலைகளும் படிப்படியாக அரசாங்கத்தைச் சார்ந்தன. வெள்ளைச் சட்டையும் நீலக் காற்சட்டையும், பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுனும் லயங்களுக்குள் வழக்கமாயின.

எனினும் அவ்வுடை விலைகொடுத்து வாங்கவேண்டியதாயிருந்தது. 1980களின் இறுதியிற் பயின்ற எம் தலைமுறையினர் இதனை நன்கறிவர். அண்ணனின் சட்டை தம்பிக்கு வரும். நீலம் போட்டு வெளுத்ததை மழைக்காலத்தில் அடுப்பின்மேற் கயிறு கட்டி உலர்த்துவர். வெண்மை மங்கிப் புகைமணம் ஏறும். பித்தளைச் செம்பில் தணலிட்டு மடிப்பு எடுப்பதும் உண்டு. உள்ளது ஒரே சட்டையாதலின், அது உலராத நாளிற் பிள்ளை பாடசாலைக்கு வாராது. வரவு இடாப்பில் ‘வரவில்லை’ எனப் பதிந்தனவற்றுட் பல, ஈரத்துணியின் பதிவுகளேயாம்.

1993 இல், ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசவின் ஆட்சியில், மாணவர்க்கெல்லாம் இலவசச் சீருடைத் துணி வழங்கப்படலாயிற்று. கணக்கப்பிள்ளையின் மகனுக்கும் கொழுந்து பறிப்பவரின் மகனுக்கும் ஒரே துணி கிடைத்தது. பாட்டியின் கம்பளி கடனாக எழுதப்பட்டது. பேரனின் துணி எவருடைய பற்றிலும் ஏறவில்லை. தோட்டத்து மக்களின் சரித்திரத்தில் இது சிறு மாற்றமெனக் கொள்ளத்தக்கதன்று.

ஆயினும் குறை முற்றும் நீங்கிவிடவில்லை. துணியோடு தையற்கூலி வருவதில்லை. குளிர்தாங்கும் மேலாடையும் வருவதில்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடியை அடுத்து, 2023 இற் சீருடைத் துணியின் பெரும்பகுதி சீனாவின் நன்கொடையாகவே கிடைத்தது. உரிமையாகப் பெற்றதும் பிறர் கையை எதிர்நோக்கும் நிலைக்கு வரக்கூடும் என்பதை இது உணர்த்துகின்றது.

ஆசிரியராகிய நாம் காலைக் கூட்டத்திலே மங்கிய சட்டையைக் கண்டு கடிந்துரைக்குமுன், முதல்நாள் மழை பெய்ததா என்று ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாணவரும் தம் வீட்டு முதியோரிடம் கொங்காணி, படங்கு என்பவற்றைக் கேட்டறிந்து எழுதிவைப்பாராக. அவற்றை உடுத்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அப்பணி நிறைவேறல் நன்று.