மூடியில் ஒரு ஓட்டை

ஆட்டுக்கறியை அடுப்பில் வைத்துவிட்டுத் தூங்கிப் போனால் என்ன ஆகும்? கறி கரியாகும். வீட்டில் பிரளயம் நடக்கும். ஆனால் 18-ம் நூற்றாண்டின் கடைசியில், முனிச் நகரத்தில் ஒரு கறி அப்படி ராத்திரி முழுக்கக் கிடந்து சரித்திரத்தில் இடம் பிடித்துவிட்டது.

கறிக்குச் சொந்தக்காரர் பெஞ்சமின் தாம்சன். அமெரிக்காவில் பிறந்தவர். அங்கே சுதந்திரப் போர் வந்தபோது பிரிட்டிஷ் பக்கம் சேர்ந்தார். பிறகு பவேரியாவுக்குப் போய் ரம்ஃபோர்டு பிரபு ஆனார். வெப்பம் என்பது என்ன என்று ஆயுசு முழுக்க மண்டையைக் குடைந்துகொண்ட மனிதர். உருளைக்கிழங்கு காயவைக்க அவர் ஒரு சாதனம் செய்திருந்தார். அதில் கறி வேகுமா என்று ஓர் ஆசை. வைத்தார். மூன்று மணி நேரம் பக்கத்திலேயே காவல் காத்தார். ம்ஹூம். வெறுத்துப்போய், கறியைச் சமையல்காரப் பெண்களிடம் விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். எங்கே இருந்தால் என்ன, அதற்குள்ளேயே இருக்கட்டும் என்று அந்தப் பெண்களும் விட்டுவிட்டார்கள். காலையில் திறந்தால் கறி பஞ்சு மாதிரி வெந்திருக்கிறது. சாறும் போகவில்லை, ருசியும் போகவில்லை!

குறைந்த சூடு, நிறைய நேரம். இதுதான் பாடம். இதோடு இன்னொரு பாடமும் உண்டு. அதைக் கவனிக்க உலகத்துக்கு இருநூறு வருஷம் பிடித்தது. கடைசியில் வருகிறேன்.

1974. பிரான்ஸில் ரோவான் என்ற ஊர். ட்ருவாக்ரோ சகோதரர்களின் உணவகம் அங்கே பிரசித்தம். அவர்களுக்கு ஒரு தலைவலி. வாத்து ஈரல் விலை உயர்ந்த சரக்கு. சமைத்தால் கொழுப்பெல்லாம் உருகி, 40 சதவீதம் வரை எடை காணாமல் போகும். ஜார்ஜ் ப்ராலு என்ற சமையல் நிபுணர் வந்தார். ஈரலைப் பிளாஸ்டிக் உறைகளில் இறுக்கிச் சுற்றி, மிதமான வெந்நீரில் போட்டார். இழப்பு ஏறக்குறைய 5 சதவீதம். அதே காலத்தில் ப்ரூனோ கூஸோ என்ற விஞ்ஞானி, மாட்டிறைச்சியைச் சுமார் 60 டிகிரியில் நெடுநேரம் வைத்து இதே முடிவுக்கு வந்திருந்தார். 'சூ வீட்' என்று இதற்குப் பெயர். காற்றை எடுத்துவிட்டு, உறைக்குள் சமைப்பது.

அப்புறம் என்ன, எல்லா வீட்டிலும் இதே சமையலா? அதுதான் இல்லை. தண்ணீர் ஒரே டிகிரியில் நிற்க வேண்டுமே! அதற்கு ஆய்வுக்கூடங்களில் இருந்த சுழற்சிக் கருவிகளைத்தான் சமையல்காரர்கள் கொண்டுவந்தார்கள். ஆயிரம் டாலர் அளவில் விலை. பெரிய உணவகங்களுக்குக் கட்டுப்படியாகும், நமக்கு?

இதில் பயமும் உண்டு. காற்றில்லாத உறை, மிதமான சூடு. சில விஷக் கிருமிகளுக்கு இதைவிடச் சொர்க்கம் கிடையாது. 2006-ல் நியூயார்க் சுகாதாரத் துறை உணவகங்களுக்குள் நுழைந்து, இப்படிக் கட்டிவைத்த உணவையெல்லாம் குப்பையில் போடச் சொன்னது. எழுத்துப்பூர்வமான பாதுகாப்புத் திட்டம் வைத்திருந்தால்தான் அனுமதி.

2009-ல் வீட்டுக்கென்றே ஒரு கருவி வந்தது. விலை சுமார் 450 டாலர். மறு வருஷமே ஜே. கென்ஜி லோபஸ்-ஆல்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் சிரிப்பு வரும்படி ஒரு யோசனை சொன்னார். 'பீர் பாட்டிலைக் குளிர வைக்கும் பெட்டி வீட்டில் இருக்கிறதா? அதில் வெந்நீரை ஊற்று. கறியை ஜிப் பையில் போட்டு, தண்ணீரில் மெல்ல அமுக்கினால் காற்று தானே வெளியேறும். மூடிவிடு. அவ்வளவுதான்!'

குளிரை உள்ளே வைக்கிற பெட்டி சூட்டையும் உள்ளே வைக்கும்தானே? ஒன்றிரண்டு மணி நேரச் சமையலுக்கு இது போதும். ஒரு நாள், இரண்டு நாள் சமையலுக்குப் போதாது. அந்தக் குறையைத் தீர்க்க, பாத்திரத்தின் ஓரத்தில் மாட்டுகிற குச்சி மாதிரியான கருவிகள் 2012-க்குப் பிறகு சில நூறு டாலர்களில் வந்தன. ஆனால் குச்சி மட்டும்தான் வரும். பாத்திரம் உங்கள் பாடு.

இங்கே என்னுடைய பி.காம். மூளை விழித்துக்கொள்கிறது. சூடு என்பது பணம் மாதிரி. எங்கே செலவாகிறது என்று பார்க்க வேண்டும். ஸ்டீல் பாத்திரம் பக்கவாட்டில் சூட்டை வாரி இறைக்கும். பாலிகார்பனேட் பிளாஸ்டிக் பெட்டி அத்தனை இறைக்காது. கொதிநிலைக்குப் பக்கத்தில்கூடத் தாங்கும். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும். குளிர்பெட்டி அதைவிடச் சிக்கனம். ஆனால் பெரிய செலவு பக்கவாட்டில் இல்லை. தலைக்கு மேலே. 60 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போனால், அதோடு அரை யூனிட்டுக்கு மேல் மின்சாரமும் போச்சு.

பணம் போனால் போகட்டும். ராத்திரி தண்ணீர் மட்டம் இறங்கினால், கருவி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். நீங்கள் தூங்குகிறீர்கள். தண்ணீர் ஆறுகிறது. சுமார் 52 டிகிரியும் அதற்குக் கீழேயும் கிருமிகள் பெருகத் தொடங்கும். காலையில் பார்த்தால் கறி நன்றாகத்தான் தெரியும். அதுதான் ஆபத்து.

ஆகவே மூடி. கருவி நிற்க வேண்டுமே? மூடியின் ஓரத்தில் அதன் தடிமனுக்கு, 60 மில்லிமீட்டர் போல, வட்ட ரம்பத்தால் ஒரு ஓட்டை. குளிர்பெட்டியின் மூடி பெரும்பாலும் உள்ளே வெற்றுக்கூடு. துளை போட்டு நுரையை நிரப்பிக்கொள்கிறார்கள். ஓட்டை போட மனசு வரவில்லையா? தண்ணீர்மேல் பிங்பாங் பந்துகளை நெருக்கமாக மிதக்க விடுகிறவர்களும் உண்டு. பெட்டிக்கு அடியில் ஒரு மரப்பலகை வைத்தால் சமையல் மேடைக் கல்லுக்கும் நல்லது.

ரம்ஃபோர்டின் கதையில் நாம் கவனிக்காத இன்னொரு பாடம் இதுதான். பிரபு மூன்று மணி நேரம் காவல் காத்து ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண்கள் பெட்டியைத் திறக்காமல் விட்டார்கள், கறி வெந்தது. அவர் வெறுத்துப்போய்த் தூங்கப் போனார். நீங்கள் தண்ணீர் மட்டத்தை ஒருமுறை பார்த்து, மூடியை அழுத்திவிட்டு, நிம்மதியாகவே தூங்கப் போகலாம்.