ஆற்றங்கரைத் திட்டங்கள்: நம் ஊர் இதுவரை கண்டது



ஆற்றங்கரையில் நடைபாதை, சைக்கிள் பாதை, பூங்கா என்று ஒரு வரைபடம் வெளியானால், குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு கேள்விகள் உடனே வரும். எப்போது முடியும்? ஃபிளாட் விலை ஏறுமா? இவற்றோடு இன்னொன்றையும் கேளுங்கள்: மழைக்காலத் தண்ணீருக்கு இதில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள்? சென்னையில் இதற்கு முன் நடந்தவற்றைப் பார்த்தால், இந்தக் கேள்வியை ஏன் கேட்க வேண்டும் என்பது புரியும்.

முதலில் பக்கிங்காம் கால்வாய். 1806-ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கிய கால்வாய் இது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. பகுதி 1877-78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய கவர்னரின் பெயரே கால்வாய்க்கு நிலைத்தது. விறகும் உப்பும் படகுகளில் வந்திறங்கின. காலப்போக்கில் படகுகள் குறைந்து கழிவுநீர் பெருகியது. பறக்கும் ரயிலுக்குப் பாதை தேடியபோது, வீடுகளை அதிகம் கையகப்படுத்தத் தேவையில்லாத இடமாக இந்தக் கால்வாய் அமைந்தது. 1997-ல் மயிலாப்பூர் வரை ரயில் ஓடியது. ரயில் நமக்கு உதவுகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. தண்ணீர் போகும் வழி குறுகிவிட்டது.

அடுத்து கூவம். 1967-ல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, கூவம் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. கரைகள் கட்டப்பட்டன, படகுத்துறைகள் அமைந்தன, படகும் விடப்பட்டது. ஆனால் ஆற்றில் கழிவுநீர் விழுவது நிற்கவில்லை. முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொள்வதும் தொடர்ந்தது. படகுச் சவாரி அதிக நாள் நீடிக்கவில்லை. பின்னர் 2009-ல் துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். தூண்கள் ஆற்றின் போக்கைத் தடுக்கின்றன என்று 2012-ல் பணி நிறுத்தப்பட்டது. பாதியில் நின்ற தூண்களைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டே போய்வந்தோம். 2022-ல் திட்டத்தை மாற்றி மீண்டும் அடிக்கல் நாட்டினார்கள்.

அடையாற்றின் கதையை நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. வழியில் உள்ள மற்ற ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்துகொண்டது. முடிச்சூர், மணப்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் என ஆற்றோரப் பகுதிகள் மூழ்கின. ஆற்றின் மேல் பாலம் கட்டி நீட்டிய ஓடுபாதை கொண்ட விமான நிலையமும் பல நாட்கள் மூடிக் கிடந்தது.

அதன் பிறகு கரையோரக் குடிசைகளில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டன. வீட்டு வேலை, கட்டட வேலை, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் இங்கே, குடியிருப்பு அங்கே. போதாததற்கு, பெரும்பாக்கம் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி. வெள்ள அபாயத்தைக் காரணம் காட்டி அவர்களை அப்புறப்படுத்தினார்கள். அதே ஆற்றின் ஓரத்தில் பட்டாவும் பிளான் அனுமதியும் பெற்ற அடுக்குமாடிகள் அப்படியே இருக்கின்றன. நாம் இருப்பதும் அப்படிப்பட்ட கட்டடங்களில்தான். அதனால் இந்தப் பேச்சில் நாம் வெறும் பார்வையாளர்கள் அல்ல.

நல்ல உதாரணமும் ஒன்று உண்டு. அடையாறு முகத்துவாரத்துக்கு அருகே உள்ள உப்பங்கழியில் ஒருகாலத்தில் கட்டட இடிபாடுகளையும் குப்பையையும் கொட்டிவந்தார்கள். அவற்றை அகற்றி, குளங்கள் தோண்டி, அலையாத்தி மரங்கள் நட்டு, 58 ஏக்கரில் அமைத்த தொல்காப்பியப் பூங்கா 2011-ல் திறக்கப்பட்டது. அங்கே முதலில் தண்ணீர் வந்துபோக வழி செய்தார்கள். மனிதர்கள் நடக்கும் பாதை அதற்குப் பிறகுதான்.

இனி நம் பகுதிக்கு ஒரு கரையோரத் திட்டம் கருத்துக்கேட்புக்கு வந்தால், இவற்றைக் கேட்போம்:

1. 2015 அளவுக்கு வெள்ளம் வந்தால் தண்ணீர் எதுவரை ஏறும் என்று வரைபடத்தில் குறித்திருக்கிறார்களா?
2. மேலே விழும் கழிவுநீரைத் தடுக்காமல் கரையை மட்டும் அழகுபடுத்துகிறார்களா?
3. யாரை இடம்பெயர்க்கிறார்கள், எங்கே? பெரிய கட்டடங்களின் ஆக்கிரமிப்புக்கும் அதே அளவுகோல்தானா?

நாமே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உங்கள் பிளாக்கின் கழிவுநீர்க் குழாய் எங்காவது மழைநீர் வடிகாலில் சேர்கிறதா என்று பாருங்கள். சேர்ந்தால் சங்கத்துக்குத் தெரிவியுங்கள். அந்த வடிகால் போய்ச் சேருவதும் ஆற்றில்தான்.